மடக்கிய கை

ஒரு பொருள் இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அது அங்கேயே இருக்கும் என்று நம்பிவிடலாமா? எக்ஸ்ரே அக்கா இன்னும் நம்புவதில்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குள் நுழைந்ததும் படத்தகட்டைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்வார். சில்லென்ற தகட்டைக் குழந்தையின் முதுகுக்கடியில் செருக அவருக்கு மனம் வராது.

"உங்க வயித்துச் சூட்டுக்கு முட்டையே பொரிஞ்சிடும்க்கா" என்பார் நர்ஸ்.

"பொரிஞ்சா அதுக்கும் ஒரு படம் எடுத்துடுவோம். முதல்ல இவரு கை எங்க இருக்கு, பாரு."

எல்லாக் குழந்தைகளும் அவருக்கு 'இவரு'தான்.

இப்போது படம் உடனே திரையில் வந்துவிடுகிறது. அக்காவுக்கோ இருட்டறை நினைவு போகவில்லை. சிவப்பு விளக்கு, படம் கழுவும் மருந்துநீரின் புளித்த வாடை, படம் மெல்லத் தெளியும்வரை காத்திருந்த சில நிமிடங்கள். "அப்பல்லாம் யோசிக்க நேரம் இருந்துச்சு" என்பார்.

அந்தக் காலத்தில் ஒரு மதியம். பன்னிரண்டு நாள் குழந்தை. கை ரத்தக்குழாய் வழியாக நூல் போன்ற மருந்துக் குழாயை ஏற்றியிருந்தார்கள். அதன் நுனி இதயத்தின் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனால் சுவரைத் துளைத்துவிடலாம். நீர் சொட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "கச்சிதமா நிக்குது. மருந்த ஏத்திடலாம்" என்றார்.

அக்காவின் கண் குழந்தைமேல் இருந்தது. அது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தில் கை நீண்டிருந்தது.

"மருந்து வேணாம் டாக்டர். நெஞ்ச மறைக்குதேன்னு நான்தான் கைய இழுத்துப் பிடிச்சேன். மடக்கினா குழாய் உள்ள போகுமே."

"இத்தனூண்டு உடம்புக்கு இன்னொரு தடவை கதிரா?"

"என் தப்புதான். ஆனா எடுத்தே ஆகணும்."

இரண்டாவது படத்தில் நுனி இதயத்துக்குள் இருந்தது. டாக்டர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குழாயை வெளியே இழுத்தார். பிறகுதான் மூச்சே விட்டார்.

"அந்த முதல் படத்தத் தூக்கிப் போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?" என்றார் டாக்டர்.

அக்கா அதைக் காயவைத்தார். ஏன் என்று நர்ஸ் கேட்டார், பின்னால் வந்த தலைமை மருத்துவரும் கேட்டார். படத்தின் ஓரத்தில் வெள்ளை மையால், 'கையை நீட்டிப் பிடித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். படங்களை வைக்கும் உறைக்குள், திறந்ததும் கண்ணில் படும்படி, சரியான படத்துக்கு மேலாக அதை வைத்தார்.