நோம்பி சாட்டிய வாரம்

அம்மாவுக்கு மார்பில் கட்டி. சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்த கோயம்புத்தூர் டாக்டரம்மா, "புற்றுநோய்தான். திங்கட்கிழமையே ஆபரேஷன் பண்ணிடணும், தள்ளிப்போட்டா பரவிடும்" என்றார்.

திருப்பூருக்குத் திரும்பினால், எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டார்கள், திருவிழா தொடங்கிவிட்டது. சாட்டிவிட்டால் பொங்கல் வைத்து முடிகிறவரை, பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். வெளியே தங்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்: "நோம்பி முடியட்டும் அம்மிணி. பொறவு எத்தன நாள் வேணாலும் போயித் தங்கு. கட்டி எங்க ஓடிப்போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னது இவர் காதில் ஏறினால்தானே. அப்பாவைப் பார்த்தேன். பனியன் மிஷின் கொஞ்சம் நின்றால் ஊரை ரெண்டாக்குகிற மனிதர், அண்ணன் முன்னால் வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்.

கடைசியில் அப்பாவே ஒரு யோசனை கண்டுபிடித்தார். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய்க் கூசாமல் கேட்டார்: "காலைல ஆபரேசன் பண்ணிச் சாயங்காலம் உட்டுட்டீங்கன்னா, கடைசி பஸ்ஸுக்கு ஊடு போயிச் சேர்ந்துக்குவோமுங்க. விடிஞ்சதும் கூட்டியாந்தர்றேனுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

அம்மாதான் பேசினாள். "ஏனுங்க, நீங்க போயி ஊருக்குள்ள படுத்துக்குங்க. ஆத்தா என்னயக் கோவிச்சா நானே பேசிக்கறேன்." சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து பொழுது சாய்ந்தும் அவளுக்கு மருந்து மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கப்பா" என்றேன், குத்தலாகத்தான். அப்பா அசையவில்லை. அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸும் போய்விட்டது.

விடிகாலையில் அம்மா கண் திறந்து அவரைப் பார்த்தாள். "நீங்க போகலீங்களா? உங்கண்ணன் என்னயத்தான் பேசுவாரு."

"பேசட்டும். நீ படு."

பெரியப்பா பேசினார், வருஷம் முழுக்கப் பேசினார். அவர் மாடு செத்தது, நூல் விலை ஏறியது, கிணறு வற்றியது, எல்லாமே நாங்கள் வெளியே தங்கியதால்தானாம். அடுத்த நோம்பிக்கு அம்மா நோய் தேறி, மாவிளக்கு எடுத்துக்கொண்டு அவர் வாசல் வழியாகவே நடந்து போனாள். அது எதனால் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.