இடது காலில் இட்ட திருநீறு

"டிராக்டர் ஒழுகினா அடியில வாளிய வைக்கலாம். ஆகாயத்துல ஒழுகினா யாரு வைப்பா? இந்தப் பிள்ளைய நம்பியா அத்தான் ஏறப் போறிய?"

சேரன்மகாதேவியில் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலைக்குள் நின்று அண்ணாச்சியின் மச்சினர் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். குரலைத் தாழ்த்தவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி அந்த ஆலையின் சொந்தக்காரர். உதிரி பாகங்களை வரவழைத்து, நெல் மூட்டை அடுக்கிய இடத்திலேயே இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை அது இடப்பக்கம் சரிந்து நின்றது. இடது சக்கரத்தின் அருகே சிவப்பு எண்ணெய் தேங்கியிருந்தது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் காலைப் பொருத்தியவள் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ராதாபுரத்தில் பனையேறுகிறார், அம்மா பதநீர் காய்ச்சுகிறாள். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை, இரக்கம் தேடிச் சொன்னதும் இல்லை. விமானப் பராமரிப்பு படித்துவிட்டு வேலை கேட்டு வந்த அன்று அண்ணாச்சி என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. "ராதாபுரத்துல இருந்து தினமும் வந்துருவியா?" என்று மட்டும் கேட்டார். வந்துவிடுவேன் என்றேன். "அப்பம் வா" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

விமானத்தின் கால் என்பது ஒரு குழலுக்குள் ஏறி இறங்கும் பளபளப்பான தண்டு. உள்ளே எண்ணெயும் அழுத்தி அடைத்த நைட்ரஜனும் இருக்கும். தரை இறங்கும்போது விழும் அடியை அவைதான் வாங்கிக்கொள்ளும். குழலின் வாயில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எண்ணெயை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். மச்சினர் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர், எண்ணெய்க் கசிவு அவருக்குப் புதிதல்ல. மேலே இருக்கும் மூடிதான் காரணம் என்று சொல்லி ஸ்பானரைப் போட்டுத் திருகப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"உள்ள அழுத்தம் இருக்கு. இப்பம் கழத்துனா மூஞ்சியிலதான் வந்து அடிக்கும்."

"எனக்கே பாடம் நடத்துதியோ?" கையை உதறிக்கொண்டார். "மதுரைக்குப் போன் போட்டாச்சு. நாளைக்கு ஆளு வருதான். அவன் வந்தா உனக்கு இங்கன என்ன சோலி?"

நான் அண்ணாச்சியிடம் திரும்பினேன். "சாயங்காலம் வரைக்கும் விடுங்க. கண்டுபிடிக்கலன்னா நானே போயிருதேன்" என்றேன்.

எண்ணெய் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கசிந்தது வழிந்து எங்கேயோ போய்ச் சொட்டும். காலை மேலிருந்து கீழ்வரை ஈரம் போகத் துடைத்தேன். என் பையில் இருந்த முகப் பவுடரை எடுத்துக் குழல் முழுவதும் தூவினேன். "பிளேனுக்கு அலங்காரம் நடக்குது!" என்று மச்சினர் சிரித்தார். இறக்கையின் வேரில் கை வைத்து அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினேன். தண்டு ஏறி இறங்கியது. மேல் மூடியில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. குழலின் வாயில், முன்பக்கம் மட்டும், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது.

விமானத்தை ஜாக்கியில் தூக்கி, அழுத்தத்தைப் பையப் பைய இறக்கிவிட்டு, தண்டை உருவினேன். ரப்பர் வளையத்தில் முன்பக்கம் மட்டும் நுண்ணிய கீறல்கள் இருந்தன. வளையம் உட்காரும் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். எண்ணெய் நாற்றத்தையும் மீறிச் சந்தனம் மணத்தது.

ஆயுத பூஜை அன்று அண்ணாச்சி ஆலையின் எல்லா இயந்திரங்களுக்கும் பட்டை போட்டிருந்தார். விமானத்தில் அப்போது பொருத்தியிருந்தது இடது கால் மட்டும்தான். துடைத்து மின்னிய அந்தத் தண்டின் முன்பக்கத்தில் மூன்று விரலால் திருநீற்றை இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார். அது காய்ந்து உப்புத்தாள் போலாகி, விமானத்தை நகர்த்திய ஒவ்வொரு முறையும் தண்டோடு உள்ளே ஏறி வளையத்தை அறுத்திருக்கிறது.

ரப்பர் பழசு என்று சொல்லி வளையத்தை மாற்றியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அடுத்த பூஜைக்கு மறுபடி ஒழுகும், பழியும் என் பொருத்தலின் மேலேயே நிற்கும். நெற்றியில் நீறில்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரிடம் நேராகச் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க வச்ச திருநீறுதான் உள்ள போயி அறுத்திருக்கு."

"பாத்தியளா அத்தான்? சாமி மேலயே பழியப் போடுதா!" என்று மச்சினர் கூவினார்.

அண்ணாச்சி வளையத்தை வாங்கி முகர்ந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி மேல எங்கலே போட்டா? என் மேலல்லா போடுதா" என்றார். பிறகு, "மதுரைக்காரனுக்குப் போனப் போடு. வரவேண்டாம்னு சொல்லு."

தண்டில் கீறல் இல்லை என்று விரல் நகத்தை ஓட்டி உறுதி செய்துகொண்டு, புது வளையங்களைப் போட்டு, எண்ணெயும் நைட்ரஜனும் நிரப்பினேன். திரும்பவும் பவுடர் தூவினேன். மறுநாளும் அது வெள்ளையாகவே இருந்தது. அண்ணாச்சி பாராட்டவில்லை. அடுத்த ஆயுத பூஜையில் தட்டோடு விமானத்தின் முன் வந்து நின்று, "ஏ பிள்ள, எங்கன வைக்கட்டும்?" என்று கேட்டார். குழலின் மேல்பகுதியில், வர்ணம் பூசிய இடத்தைக் காட்டினேன். அங்கே வைத்தார். அவர் பெரிய மனதுக்காரர் என்று ஊரில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வேலையை அவர் எனக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. நான் சொன்னது உண்மை, அவர் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டார்.

அப்போதும் ஒரு குறை மிச்சம் இருந்தது. விமானம் பறக்கத் தகுதியானது என்று எழுதிக்கொடுக்க உரிமம் பெற்றவர் வேண்டும். அப்படி வந்தவர் நான் பொருத்திய காலைத் தட்டிப் பார்த்தார், கேள்விகளையெல்லாம் அண்ணாச்சியிடமே கேட்டார், என் வேலையின் கீழ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார். அந்த உரிமத்தை நானே வாங்குவது என்று அன்று முடிவு செய்தேன். "அந்தப் பரீட்சை எல்லாம் இங்கிலீசுலல்லா இருக்கும்" என்று மச்சினர் கவலைப்பட்டார். இருக்கட்டும்.

உரிமத் தேர்வின் முதல் தாளில் தேறிவிட்டேன். இரண்டாவது தாள் நாளை காலை. இதை எழுதும்போது ரயில் கோவில்பட்டியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.