சூடத்தில் உருகிய ஈய நாணயம்

1. புக்கிட் காத்தில் ஊரில், எங்கள் புது வீட்டில் பால் பொங்கியது.
2. பெரியம்மா ஆரத்தித் தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் மறைந்த பெரியப்பாவின் ஈய நாணயத்தை வைத்தார். "அவரும் வீட்டைப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விருந்தினரை அழைக்க வாசலுக்குப் போனார்.
3. அப்பா நாணயத்தின் மேலேயே கைநிறையச் சூடத்தை வைத்து ஏற்றினார்.
4. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் நாணயத்தில் பாதி உருகி வழிந்திருந்தது.

ஆயர் குரோவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். நாங்கள் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தைத் தினமும் உருக்கிச் சோதிக்கிறேன். இருநூற்று முப்பத்திரண்டு டிகிரி போதும். சூடத்தின் தீ அதைவிடச் சூடு.

பெரியப்பா இளமையில் பேராக்கில், குளத்தில் மிதந்தபடி மண்ணைத் தோண்டும் ஈயக் கப்பலில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபின் மெர்லிமாவ் தோட்டத்துக்கு வந்தார். ஈயத்தைச் சிறப்பித்து ஈயத்திலேயே அரசாங்கம் நாணயம் வெளியிட்டபோது, வங்கியில் வரிசையில் நின்று வாங்கினார். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் செம்பருத்தி. உறை பிரிக்காமல் இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. அவரோ வங்கி வாசலிலேயே உறையைக் கிழித்துவிட்டாராம், தொட்டுப் பார்க்காமல் ஈயமா என்று எப்படித் தெரியும் என்று. நான் சிறுமியாக இருந்தபோது ஈயக் கம்பியை என் காதருகே வளைப்பார். அது கிறீச்சிடும். இன்னொரு முறை என்பேன்.

தட்டைப் பிடித்தபடி அப்பா என்னிடம் கிசுகிசுத்தார்: "அண்ணிகிட்ட நீயே சொல்லும்மா. சயன்ஸா சொல்லு."

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். "என்ன தம்பி, சிலை மாதிரி நிக்கிற?"

"அண்ணி, அண்ணனோட காசு... நாந்தான் பார்க்காம சூடத்த வச்சிட்டேன். அவரு ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான்."

பெரியம்மா தட்டை எட்டிப் பார்த்தார்.

"எந்த விசேஷத்துல உங்கண்ணன் கடைசி வரைக்கும் இருந்தாரு? பாதியிலயே எந்திரிச்சிப் போயிருவாரு. இங்கயும் பாதி ஆளு கிளம்பியாச்சு. மிச்சமிருக்கிற அவரையாவது சாப்பிட உட்கார வைங்க லா."

அப்பா சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

நாணயம் ஆறியதும் அதற்கும் ஓர் இலைபோட்டு, இலையருகே அதை வைத்துப் பரிமாறினோம்.

இப்போது அது மெர்லிமாவில், பெரியம்மா வீட்டில், பெரியப்பா படத்தின் கீழ் இருக்கிறது. கப்பலின் முன்பாதி தெரிகிறது, செம்பருத்தி இல்லை. எந்த வங்கியும் அதை நாணயமென்று ஏற்காது. பெரியம்மா அதை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.