பதில் வராத மெமோ

வாயை மூடிக்கொண்டிருப்பது வெங்கடகிருஷ்ணனுக்கு எந்தக் காலத்திலும் கைவராத காரியம். பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். அங்கே ஒரு திருகாணி காணாமல் போனால்கூட மெமோ வரும். மெமோ வந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதன் கடைசி வரியிலேயே அச்சடித்திருப்பார்கள். மனிதர் ஒரு மெமோவையும் சும்மா விட்டதில்லை. அரைப் பக்கம் போதும் என்கிற இடத்தில் மூன்று பக்கம் எழுதுவார். மனைவி திரிபுரசுந்தரிதான் படித்துப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இவ்வளவு எதுக்கு?" என்று பாதியை அடிப்பாள்.

ரிடையரான பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல் நாச்சாரத்தில் ஒரு சின்ன தின்னர் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்புக்குச் சேர்ந்தார். பெயிண்டில் கலக்கிற தின்னரைப் பீப்பாயிலிருந்து டின்களில் அடைக்கிற இடம். பின்பக்கக் கதவு வழியாகச் சரக்கு திருட்டுப் போகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். ஷிப்ட் நேரத்தில் அதைப் பூட்டி வைக்கச் சொன்னார். வாயால் சொன்னதோடு சரி. நெருப்பு கிருப்பு பிடித்தால் என்ன செய்வது என்று இவர் ஒரு தடவை முனகிப் பார்த்தார். அப்புறம் பூட்டினார். தீப்பிடித்த அன்றைக்கு இர்பான் என்கிற தொழிலாளி அந்தக் கதவைப் பார்த்துத்தான் ஓடினான். உயிர் தப்பியது, இரண்டு கையும் வெந்து போயிற்று.

போலீஸ் முதல் தடவை கூப்பிட்டபோது சாட்சியாகத்தான் போனார். எஸ்.ஐ. விஸ்வநாத் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காததற்கும் சொன்னார். கதவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இவராகவே அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும், அந்த ஆணி தன் மேஜைக்கு மேலேதான் இருக்கிறது என்பது வரை விளக்கினார். மூன்று பக்கப் பழக்கம் லேசில் போகுமா? முதலாளி கெட்டிக்காரர். தனக்கு ஒன்றும் தெரியாது, ஸ்டோர்காரரைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் கழன்றுகொண்டார்.

கீழ் வீட்டு ஜுலைகா இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாகூர்ப் பெண், இந்தத் தெலுங்குச் சீமையில் வக்கீல்.

"மாமா, சாட்சியாப் போனவங்க கேஸைத் தலையில தூக்கிட்டு வந்திருக்கீங்க. அடுத்த தடவை நானும் வர்றேன். பேரு, வேலை எல்லாம் சொல்லுங்க. கதவை யாரு பூட்டினதுன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"பொய் வேணாம். நம்மளையே மாட்டிவிடுற கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்க நமக்கு உரிமை இருக்கு மாமா. அரசியல் சட்டத்துலயே இருக்கு. பேசாம இருந்தாருங்கறதுக்காக இவருதான் பண்ணினாருன்னு சொல்லக் கூடாது."

அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. பதில் சொல்லாதவனை எந்த ஆபீஸில் யோக்கியன் என்றிருக்கிறார்கள்? ஆனால் அவர் நன்றாகத் தூங்கி வெகு நாளாகியிருந்தது. வாதாடத் தெம்பில்லாமல் சரியென்று தலையாட்டினார்.

இரண்டாம் தடவை போனபோது விஸ்வநாத் டீ வரவழைத்துக் கொடுத்தார். கத்துகிற ஆள் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மகள் எங்கே இருக்கிறாள், பி.எஃப். பணம் எல்லாம் வந்துவிட்டதா என்று நல்ல மனிதராகத்தான் விசாரித்தார். அப்படியே பேச்சோடு பேச்சாக, "பின்பக்கக் கதவைப் பூட்டியது யார் சார்?" என்று தெலுங்கில் கேட்டார்.

வெங்கடகிருஷ்ணன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுலைகா எட்ட இருந்த பெஞ்சிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா சார்? ஹவ்வா, நையா, ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கள்."

பயத்தைவிட அலுப்புதான் அவரைப் பிடித்து உலுக்கியது. நான்தான் என்று சொல்லிவிட்டால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம், யாரும் எதையும் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டீயை ஒரே மடக்கில் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"அதுக்கு நான் பதில் சொல்ல விரும்பலை" என்றார். சொன்ன பிறகு உடம்பே கூசியது. விஸ்வநாத் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். மறுபடி கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்.

"கெட்டியா இருந்தீங்க மாமா" என்றாள் ஜுலைகா ஆட்டோவில். அவர் ஹப்சிகுடா ட்ராஃபிக்கைப் பார்த்தபடி வந்தார். ஒரு நல்ல காரியம் செய்த மாதிரியே இல்லை.

வீட்டில் திரிபுரசுந்தரி ஒன்றும் கேட்காமல் தட்டைப் போட்டு ரசம் சாதம் கரைத்து வைத்தாள். இரண்டு வாய் உள்ளே போகும் வரை பொறுத்திருந்தாள்.

"கார்த்தால இர்பானைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவன் பொண்டாட்டிதான் அவனுக்கு ஊட்டிவிடறா. கதவைப் பூட்டினது யாரும்மான்னு என்கிட்ட கேட்டா. எங்காத்துக்காரர் இல்லம்மான்னு அவ கையைப் பிடிச்சுண்டு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் நிமிரவில்லை.

"சரியாத்தானே சொன்னேன்?"

இங்கே எஸ்.ஐ. இல்லை, ஜுலைகாவும் இல்லை. வாயைத் திறந்தார். மத்தியானம் அத்தனை சுலபமாக நாக்கு நுனி வரை வந்தது இப்போது தொண்டையைவிட்டு ஏறவில்லை. சாதத்தை அப்படியே பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் காத்திருந்தாள். அவருக்கு வந்த மெமோக்களையெல்லாம் கடைசி வரி வரை படித்தவள் அவள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வரேள்" என்றாள்.