மூன்று பேருக்கான கேபின்

பழுக்கக் காய்ச்சிய கம்பி தெர்மாக்கோலுக்குள் 'சர்ர்' என்று இறங்கும்போது ஒரு நாற்றம் வருமே, எனக்கு அது இன்றைக்கும் மல்லிகை மணம்தான். அந்தக் கோடை விடுமுறை முழுக்க, தென்னூரில் எங்கள் வீடு அப்படித்தான் மணந்தது. என் அத்தா வளைகுடாவில் ஓர் இழுவைக் கப்பலில் வேலை பார்த்தார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிற குட்டிக் கப்பல் அது. "இத்துனூண்டு இருந்துக்கிட்டு மலையையே இழுக்கும்மா" என்று போனில் பீற்றிக்கொள்வார். அவர் லீவில் வருவதற்குள் அதை அச்சு அசலாகச் செய்து, "இது என் கப்பலேதான்" என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

அவர் கொடுத்தனுப்பிய போட்டோவைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நிஜக் கப்பலின் ஒரு மீட்டருக்கு எங்கள் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டேன். பக்கவாட்டில் தொங்கும் டயர்களுக்குச் சைக்கிள் 'வால் டியூப்'பை வளையம் வளையமாக நறுக்கினேன். புகைபோக்கிக்குக் காலி நூல்கண்டு, விளக்குக்குச் சட்டைப் பொத்தான். தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்த அம்மா, கேபினை மட்டும் தானே வெட்டுவதாகப் பிடுங்கிக்கொண்டார். "அளக்கத் தெரிஞ்சவ கையில குடு. நீ வெட்டினா கோணலும் மாணலுமாத்தான் வரும்" என்றார். தடித்த அட்டையில் பெயிண்ட் அடித்ததும் கேபின் ஜம்மென்று வந்தது. உள்ளே தாராளமாக இடம் இருக்கவே, மூன்று புளியங்கொட்டைகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, அத்தா, அம்மா, நான் என்று ஜன்னலோரம் ஒட்டி வைத்தேன்.

அத்தா வந்தார், பார்த்தார், சிரித்தார். நான் எதிர்பார்த்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. "கப்பல்னா மிதக்கணும்ல? தண்ணில விட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாளே மூவரும் ஜீயபுரத்துக்கு பஸ் ஏறினோம். "கப்பலுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரவா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது; எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

காவிரியில் விட்டதும் கப்பல் ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி குப்புறக் கவிழ்ந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அத்தா அதை எடுத்து, கேபினை விரலால் அளந்தார். "ஏம்மா, இஞ்ச் டேப்புல எந்தப் பக்கம் பார்த்து வெட்டினே?" அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். டேப்பின் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் இஞ்ச். ரவிக்கை வெட்டிப் பழகிய கை இஞ்ச் பக்கமே போயிருக்கிறது. கப்பலுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

"இவ்ளோ பெரிய ரூம் குடுத்திருந்தா நான் ஊருக்கே வந்திருக்க மாட்டேனே! அங்க கால நீட்டினா கதவு இடிக்கும்" என்று அத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிச்சுப் போட்டுடலாம் அத்தா. சரியான அளவுல வேற செய்யலாம்" என்றேன் விம்மிக்கொண்டே.

அப்போதுதான் அவர் ஜன்னலுக்குள் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. "சரியான அளவுல செஞ்சா ஒரு ஆளுதாம்மா இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க?"

கேபின் தப்பியது. அத்தா கப்பலின் அடிவயிற்றைக் குடைந்து, ஈர மணலைக் கைக்குட்டையில் முடிந்து உள்ளே திணித்தார். இந்த முறை அது அசையாமல் உட்கார்ந்தது. பின்னால் ஒரு வாழைமட்டையைக் கட்டிவிட்டு, முன்னால் நூலைப் பிடித்து நான் கரையோரமாக ஓட, கப்பல் மட்டையை இழுத்துக்கொண்டு வந்தது. அம்மா கைதட்டினார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!

அத்தா ஊரோடு வந்து வெகுகாலம் ஆகிறது. நிஜக் கப்பலை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். எங்கள் கப்பல் ஷோகேஸில் இருக்கிறது; டயர்களில் பாதி உதிர்ந்துவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தா அதைக் காட்டி, "இதுதான் என் கப்பல்" என்கிறார். போன வாரம் ஒருவர், "கேபின் மட்டும் ரொம்பப் பெருசா இருக்கே?" என்று கேட்டார்.

"இல்லிங்க, அளவு சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தா.