சங்கு வளையலும் செராமிக் விளிம்பும்

ஹவுராவில் படகுக்காகக் காத்திருந்தபோது லலிதா அக்காவின் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். "பௌதி சோலே கேலென்" என்றார். அண்ணி போய்விட்டாராம். புற்றுநோய், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வந்த படகை விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவருடைய திறமையை எல்லோரும் வாய் நிறையப் பேசினீர்கள். அவரை உள்ளுக்குள் அரித்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நியூ டவுனில் ஸ்மார்ட் வாட்சுகளின் உறுதியைச் சோதிக்கும் கூடத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். கீறிப் பார்ப்பதும் கீழே போட்டு உடைப்பதும்தான் எங்கள் பிழைப்பு. அக்கா தஞ்சாவூர்க் குடும்பம், கொல்கத்தாவிலேயே பிறந்து சுப்ரதோ என்ற வங்காளியை மணந்தவர். கூடத்தில் எல்லோருக்கும் லலிதாதி, எனக்கு மட்டும் அக்கா. ஒருமுறை விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர் வாட்ச் கண்ணாடியைச் சாவியால் கீறிக் காட்டி, கோடே விழவில்லை என்று பூரித்துப்போனார். அக்கா ஜன்னலோரத் தூசியை விரலில் தொட்டு அதன் மேல் தேய்த்தார். கோடுகள் விழுந்தன. "சாவியை விட மணல் கெட்டி சார். இந்த ஊர்ல தூசி பறக்காத தெரு எது, சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் அப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

பிறகு செராமிக் உறை போட்ட ஒரு மாடல் வந்தது. அது மணலுக்கும் மசியவில்லை. அன்றாடம் அணிந்து பார்க்கும் சோதனைக்கு அக்காவே அதை இடது கையில் கட்டிக்கொண்டார். அந்தக் கையில் வங்காளச் சுமங்கலிகள் கழற்றாமல் போட்டிருக்கும் வெண்சங்கு வளையல் இருந்தது. சில மாதங்கள் கழித்தும் வாட்ச் புத்தம் புதிதாகவே இருந்தது. அதன் விளிம்பு உரசி உரசி வளையலில்தான் பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் வாட்சையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், வளையலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பள்ளத்தைக் கவனித்த அக்கா விளிம்பை மழுக்க வேண்டும் என்று சொன்னதற்கு மேலாளர் சிரித்தார். "நாம டெஸ்ட் பண்றது வாட்சை, உங்க நகையை இல்ல." அந்த வாரமே பேருந்துக் கம்பியைப் பிடித்தபோது வளையல் இரண்டாகிவிட்டது.

சங்கு வளையல் உடைந்தால் கணவனின் ஆயுளுக்கு ஆகாது என்பதால், அந்த வீட்டில் சங்கு உடைந்தது என்று சொல்லமாட்டார்கள். நாம் விளக்கைக் குளிர வைப்பது என்பதுபோல, சங்கு பெருகிவிட்டது என்பார்கள். மாமியாரே புது வளையல் வாங்கிப் போட்டுவிட்டார். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் சுப்ரதோ மாரடைப்பில் போனபோது, உடலருகே உட்கார்ந்து அந்த மாமியார் கதறியது வாட்சைப் பற்றித்தான். "நீ கட்டிக்கிட்டு வந்த அந்தச் சனியன்தானே என் பிள்ளை ஆயுசை அறுத்தது!" பெற்ற வயிறு, ஆறிவிடும் என்று நினைத்தோம். ஆறவில்லை. சோறு பரிமாறும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா இடது கையில் எதையும் அணியவில்லை. ஊருக்கெல்லாம் வாட்ச் சோதித்துக் கொடுத்தவர் சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார். வாடிக்கையாளர்களின் புகார் வந்த பிறகு ஒருவழியாக விளிம்பை மழுக்கினார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது அலிப்பூர்ப் பக்கத்து மருத்துவமனையில். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"செராமிக் கெட்டி, சங்கு மெத்து. உரசினா மெத்தா இருக்கறது தேயும். அவ்வளவுதானேடி?"

"அவ்வளவுதான்கா."

"எனக்குத் தெரியறது. ஆனா மனசு நம்ப மாட்டேங்கறது. நீயாவது நம்பு."

படித்த படிப்பும் பார்த்த வேலையும் மாமியாரின் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அவருடைய மேசை, கருவிகள் எல்லாம் வேறு யாருக்கோ போய்விட்டன. போகட்டும். லலிதா அக்கா யாருடைய ஆயுளையும் அறுக்கவில்லை. சாகும்வரை அவரால் நம்ப முடியாத அதை அவருக்காக நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.