அந்த அம்பு அன்ரன் அண்ணையுடையதல்ல

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலர் தொகுக்கும் நீங்கள் அன்ரன் அண்ணையைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தீர்கள். நாலு வரியில் முடியவில்லை.

அன்ரன் அண்ணை இறந்த செய்தி திங்கட்கிழமை காலை, பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. காயம்பட்ட மானை மோப்ப நாயோடு தேடிப்போன ஒருவர், காட்டில் இரத்தத்தடத்தின் ஓரத்தில் அவரைக் கண்டாராம். மாரடைப்பு. அன்று மாலையே பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க்கடைகளில் ஒரு கதை வந்துவிட்டது: குறி தவற எய்துவிட்டு, வெட்கத்தில் இருட்டும்வரை தேடியிருக்கிறார் மனுசன் என்று.

அவர் இங்கே உணவகமொன்றில் சமையற்காரர். கூட வேலைசெய்த பிரெஞ்சுக்காரரோடு போய் வேட்டை அனுமதி எடுத்து, வில் பழகியவர். "இறைச்சிக்கடை வாசலில இருந்துகொண்டு காட்டுக்கு ஏனண்ணை போறியள்?" என்று கேலி செய்வார்கள். "கடைக்காரன் வெட்டினதுக்கு நான் பொறுப்பில்லை. நான் எய்ததுக்கு நான்தான்" என்பார்.

என் கணவரையும் வேட்டைக்கு அவர்தான் கூட்டிப்போனார். ஒருநாள் எங்கள் வீட்டில் மகளின் பஞ்சடைத்த பொம்மை மானை மேசையில் நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பேனையால் வட்டம் போட்டார். சுவாசப்பை இருக்கும் இடம். பக்கவாட்டாக நின்றால் மட்டும் எய்யலாம். முகம் காட்டினால் வில்லை இறக்கிவிட வேண்டும். மகள் வீரிட்டு அழ, அடுத்த கிழமை புது மான் வாங்கி வந்தார். எய்த அம்பை எடுத்து மணந்து பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். நுரைத்த இரத்தமென்றால் சுவாசப்பையில் பட்டிருக்கிறது, அரைமணியில் தேடிப் போகலாம். "குடல் மணந்தா இருந்திடோணும். மணிக்கணக்கில. துரத்தினா அது எழும்பி ஓடி, நோகநோகச் சாகும்."

அண்ணை இறந்த அந்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல். அண்ணையோடு காட்டுக்குப் போயிருந்த கணவருக்கு நான் ஏழு தடவை போன் எடுத்தேன். வில்லை இழுத்து நின்றவரின் சட்டைப்பையில் அது அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மான் முகம் திருப்பிய பிறகும் அம்பை விட்டுவிட்டார். அம்பு குடல் மணந்தது. காத்திருப்போம் என்றாராம் அண்ணை. இவர் கேட்கவில்லை, வீட்டுக்கு வரவேண்டுமே. ஒரு மணித்தியாலத்துக்குள் தேடிப் போக, படுத்திருந்த மான் எழும்பி ஓடியது. இவர் ரயிலேறிப் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். அண்ணை காட்டிலேயே நின்றார். கண்ட ஒவ்வொரு இரத்தத்துளிக்கும் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைக் கிளையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசிக் கடதாசிக்குப் பக்கத்தில் அவர் கிடந்தார். மான் இன்னும் கொஞ்சத் தூரத்தில் செத்துக் கிடந்தது.

காய்ச்சல் அன்றிரவே விட்டது. பல் முளைக்கிற காய்ச்சல்.

தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்தபின், அண்ணையின் மனைவி மேரி அக்காவிடம் ஒருவர், "குறி பிழைச்ச மானை விட்டிட்டு வந்திருக்கலாம்தானே" என்றார். என் கணவர் பக்கத்தில் நின்றார். அந்த அம்பு தன்னுடையதென்று சொல்லவில்லை. நானும்தான். பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணையுடையதென்று என்னிடம் இருப்பது அந்த ஞாயிறு பின்னேரம் அவர் அனுப்பிய குரல்பதிவு மட்டும். மூச்சிரைக்கிறது, அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. "தங்கச்சி, பிள்ளைக்கு இப்ப எப்பிடி? அவனோட சண்டை பிடிக்காதேங்கோ, ஆருக்கும் குறி பிழைக்கும். அவன்ர மானை நான் பாக்கிறன்." அழித்துவிடச் சொல்கிறார் கணவர். நான் அழிக்கவில்லை.

மேரி அக்கா, இதை மலரில் வாசித்தால் சொல்லுங்கள்: அந்தக் குரல்பதிவை உங்களுக்கு அனுப்பட்டுமா? இவர் அழித்துவிடமுன் கெதியாகப் பதில் போடுங்கள்.